நீரின் சூடும் மீனின் நோயும்

மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியர் வெப்பமானியை அவன் நாக்கினடியில் வைத்துப் பார்க்கிறார். மீனுக்கு நோய் கண்டால் அதே கருவியைக் குளத்தில்தான் முக்கிப் பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் நடுங்கினாலும் சித்திரை வெயிலில் வியர்த்தாலும், நம் சரீரத்தின் உள்ளே ஏறக்குறைய 37 டிகிரி என்னும் உஷ்ணம் மாறாமல் காக்கப்படுகிறது. நாம் உண்ணும் ஆகாரத்தில் பெரும்பகுதி இந்தக் காவலுக்கே செலவாகிறது. மீனோ இந்தச் செலவை மேற்கொள்ளாத பிராணி. கடலில் ஓயாமல் விரையும் சூரை போன்ற சில இனங்களை விலக்கிவிட்டுப் பார்த்தால், எந்த நீரில் மீன் நீந்துகிறதோ அந்த நீரின் சூடே அதன் இரத்தத்தின் சூடு, அதன் ஈரலின் சூடு, அதன் உடலில் புகுந்துவிட்ட கிருமியின் சூடும் கூட. ஆகவே மீன் வளர்ப்பில் நீரின் வெப்பநிலை என்பது வெறும் வானிலைச் செய்தியாக நின்றுவிடாமல், மீனும் கிருமியும் எதிரெதிரே நிற்கும் களத்தின் விதியாகவே ஆகிவிடுகிறது.

வெயில் ஏறினால் மீன் சாகும் என்பது குளத்தங்கரையில் யாரும் சொல்லும் வார்த்தை. அதில் உண்மையில்லாமலும் இல்லை. நீரின் சூடு பத்து டிகிரி உயர்ந்தால் மீனின் தேகத்தில் நடைபெறும் ரசாயனக் காரியங்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகம் கொள்கின்றன. அதற்கேற்ப அதிகப் பிராணவாயு வேண்டியிருக்கிறது. ஆனால் நீருக்கோ சூடேற ஏறப் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும் சக்தி குறைகிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே ஏற்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமோடு அதன் கொள்ளளவு தீர்ந்துபோகும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் வெந்நீரில் விஷத்தன்மை மிகுந்த வடிவத்துக்கு மாறுகிறது. இப்படி மூச்சுத் திணறி, செவுள் நொந்து நிற்கும் மீன், எந்தக் கிருமிக்கும் எளிதான இரை. நம் ஊரில் ஜிலேபி என்று வழங்கும் திலாப்பியாவை உலகின் பல நாடுகளில் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய், பெரும்பாலும் நீர் 30 டிகிரியை ஒட்டியும் அதைத் தாண்டியும் நிற்கும் கோடை வாரங்களில்தான் தலைவிரித்தாடுகிறது. கண்கள் பிதுங்கி, நிலை தவறி, மீன் தன்னைத்தானே சுற்றிச் சுழன்று மடிகிறது.

இவ்வளவும் கேட்ட ஒருவர், அப்படியானால் குளிர்ந்த நீரில் வளரும் மீனுக்கு நோய்ப் பயமில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடும். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை நார்வே நாட்டார் பெரும் பொருள் நஷ்டத்தின் வழியாகக் கற்றுக்கொண்டார்கள்.

நார்வேயின் மேற்குக் கரையில், திரோண்ட்ஹைம் நகருக்கு மேற்கே, ஹித்ரா என்றொரு தீவு உண்டு. 1970-ஆம் ஆண்டில் குரோண்ட்வெட் சகோதரர்கள் கடலில் வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டு சால்மன் மீனை வளர்த்து வெற்றி கண்டது இங்கேதான். இன்று உலகச் சந்தையை நிரப்பும் நார்வே சால்மன் தொழிலுக்கு இத்தீவைப் பிறப்பிடம் என்றே சொல்லலாம். அதே தீவின் பெயரைத்தான் அத்தொழிலை ஏறத்தாழ அழித்துவிடப் பார்த்த ஒரு வியாதியும் பெற்றது. 1979-இல் முதலில் கவனிக்கப்பட்ட ‘ஹித்ரா நோய்’ கோடையில் வரவில்லை. இலையுதிர்காலம் கழிந்து, கடல்நீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின்னரே அது கூண்டுகளில் நுழைந்தது. குளிர்காலம் முழுவதும் கொன்று, வசந்தத்தில் நீர் சற்றே சூடேறியதும் ஓய்ந்தது. இறந்த மீனைத் திறந்து பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேலும் வயிற்றின் உட்சுவரிலும் குண்டூசியால் குத்தியது போன்ற இரத்தப் புள்ளிகள். குளிர்ச்சியில் கிருமி பெருகாது என்று அனைவரும் நம்பியிருந்த காலமாதலால், இது தீவனத்தில் ஏதோ சத்துக் குறைவினால் வருவது என்று வாதித்தவர்களும் இருந்தார்கள். எம்மி எகிடியுஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் மீனிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1986-இல் அதற்கு விப்ரியோ சால்மோனிசிடா என்று பெயரிட்டனர். வாதம் தீர்ந்தது, சாவு தீரவில்லை.

இக்கிருமியிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஆய்வுச்சாலையில் வளர்த்தால் அது மிக வேகமாகப் பெருகுவது சுமார் 15 டிகிரிச் சூட்டில். ஆனால் நோயை உண்டாக்குவதோ அதற்கும் கீழான குளிரில். இந்த முரண்பாட்டுக்குப் பின்னாளைய ஆராய்ச்சியில் ஒரு விளக்கம் கிடைத்தது. எந்த பாக்டீரியாவுக்கும் வாழ இரும்புச் சத்து வேண்டும். மீனோ தன் இரத்தத்தில் உள்ள இரும்பைப் புரதங்களில் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டிய இரும்பைப் பறிப்பதற்கென்று இக்கிருமி சுரக்கும் ஒரு பொருள், 10 டிகிரிக்குக் கீழே மட்டுமே தாராளமாகச் சுரக்கிறது. ஆகவே கிருமி எந்தச் சூட்டில் வேகமாகப் பெருகும் என்று ஆய்வுச்சாலைக் கண்ணாடித் தட்டில் பார்த்து, அந்தச் சூட்டில்தான் நோய் வரும் என்று கணிப்பது அவசரமாகும். கிருமியின் ஆயுதம் எந்தச் சூட்டில் கூர்மை பெறுகிறது என்பது தனிக் கேள்வி. அதே சூட்டில் மீனின் கேடயம் எந்நிலையில் இருக்கிறது என்பது அதனினும் முக்கியமான கேள்வி.

அந்தக் கேடயத்தைப் பற்றி இஸ்ரேலில் பார் இலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவ்தாலியோன் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் படிக்கத்தக்கது. அவர் கெண்டை மீன்களுக்கு ஓர் அந்நியப் புரதத்தை ஊசி மூலம் செலுத்தி, அதை எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் தோன்றுகின்றனவா என்று பார்த்தார். 25 டிகிரி நீரில் இருந்த கெண்டைகளில் அவை நன்கு தோன்றின. 12 டிகிரி நீரில் இருந்தவற்றில் தோன்றவில்லை. இதைவிட நுட்பமான செய்தி, ஊசி போட்ட முதல் சில நாட்களைச் சூடான நீரில் கழித்துவிட்டுப் பிறகு குளிர்ந்த நீருக்கு மாற்றப்பட்ட மீன்கள் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கின என்பது. பகைவனை இன்னான் என்று அடையாளம் காணும் ஆரம்பக் காரியமே குளிரில் தடைப்படுகிறது; அடையாளம் கண்டுவிட்டால் பின்னர் ஆயுதம் வடிப்பது குளிரிலும் நடக்கிறது.

ஏன் இப்படி? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெளுத்தி மீனின் வெள்ளணுக்களை ஆராய்ந்த கிளெம், மில்லர் என்னும் இருவர் இதற்கு விடை தேடினார்கள். கிருமியைத் தாக்கும்படி மற்ற அணுக்களுக்குக் கட்டளையிடும் ஒருவகை வெள்ளணு உண்டு. குளிர்ச்சியில் முதலில் முடங்குவது அதுவே. உயிரணுவின் மேலுறை கொழுப்பினால் ஆனது. மார்கழி மாதத்தில் கிண்ணத்துத் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதைப் போல அந்தக் கொழுப்பும் இறுகிவிடுவதால், செய்தி உள்ளே செல்வதும் வெளியே வருவதும் தடைப்படுகின்றன. நாட்கள் செல்லச் செல்ல மீன் தன் உறையிலுள்ள கொழுப்பின் வகையை மாற்றி நெகிழ்ச்சியை ஓரளவு மீட்டுக்கொள்ளும். குளிர் மெல்ல மெல்ல இறங்கினால் இதற்கு அவகாசம் உண்டு. ஒரே இரவில் இறங்கினால் இல்லை. மீன் பண்ணைக்காரர்கள் பார்த்துப் பயப்பட வேண்டியது குளிரை மட்டுமன்று, குளிர் இறங்கும் வேகத்தையும்தான்.

மிசிசிப்பியின் பெயர் வந்துவிட்டதால் அங்கே கெளுத்தியைத் தாக்கும் ஒரு நோயைச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. உஷ்ணத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறொன்றை நான் அறியேன். அந்த மாநிலத்தின் மேற்கே, ஆற்றங்கரைச் சமவெளியில், பருத்தி விளைந்த நிலங்களைக் குளங்களாக வெட்டி, ஏக்கர் கணக்கில் கெளுத்தி வளர்க்கிறார்கள். 1979-இல் ஜான் ஹாக் என்பவர் குளத்துக் கெளுத்திகளிலிருந்து ஒரு புதிய பாக்டீரியாவை விவரித்தார். பிற்பாடு அதற்கு எட்வர்ட்ஸியெல்லா இக்டலூரி என்று பெயர் ஏற்பட்டது. நோய் கண்ட மீன் முதலில் தீனியை மறுக்கிறது. பிறகு தலை மேலாக, வால் கீழாக, நீரின் மேற்பரப்பில் அசையாமல் தொங்குகிறது. தீண்டினால் திடீரென்று வட்டமிட்டுச் சுழல்கிறது. வயிற்றிலும் தாடையின் அடியிலும் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாகத் தோன்றுகின்றன. சில மீன்களில் கிருமி மூக்குத் துவாரத்தின் வழியே மூளையை எட்டி, இரு கண்களுக்கும் நடுவே மண்டையோட்டைக் கரைத்து ஒரு திறந்த புண்ணை உண்டாக்குகிறது; அங்குள்ள குடியானவர்கள் இதனைத் ‘தலையோட்டை நோய்’ என்றே அழைக்கிறார்கள்.

இந்த நோய்க்கு ஒரு காலக்கணக்கு உண்டு. நீரின் சூடு சுமார் 22 டிகிரியிலிருந்து 28 டிகிரி வரையில் நிற்கும் நாட்களில் அது கொல்லும். அதற்குக் கீழும் மேலும் ஒடுங்கிவிடும். ஆகவே வசந்தத்தில் குளம் சூடேறும்போது ஒருமுறையும், இலையுதிர்காலத்தில் சூடு இறங்கும்போது மறுமுறையும் ஆக, வருஷத்தில் இரண்டு பருவங்களில் சாவு விழுகிறது. நடுக்கோடையில் குளம் 30 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது கெளுத்தி பிழைத்துக்கொள்கிறது. தொட்டிகளில் வெவ்வேறு சூட்டில் மீன்களை வைத்து இதே கிருமியைச் செலுத்திப் பார்த்தவர்கள், 25 டிகிரியில் சாவு உச்சத்தில் இருப்பதையும், 28-இல் குறைவதையும், 17-இலும் 32-இலும் ஏறக்குறைய இல்லாமற் போவதையும் கண்டார்கள். வெயிலைச் சத்துருவாக எண்ணும் நாம், வெயில் வந்து தன் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மிசிசிப்பிக் குடியானவன் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

அவன் வெறுமனே காத்திருப்பதும் இல்லை. கிருமி பெரும்பாலும் வாய்வழியாகவே மீனுக்குள் செல்கிறது. தீனி போட்டால் மீன்கள் ஓரிடத்தில் கூடி முட்டி மோதுகின்றன, ஒன்றன் கழிவை மற்றொன்று விழுங்குகிறது. எனவே அந்தச் சில வாரங்களில் தினமும் தீனி போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாளோ இரண்டு நாள் விட்டோ போடுகிறார்கள். வளர்ச்சி சிறிது குன்றும். சாவு பெரிதும் குறையும். வெப்பமானியைப் பார்த்துத் தீனித் தொட்டியைப் பூட்டும் இந்த வைத்தியத்துக்கு மருந்துச் செலவே கிடையாது.

இதே மிசிசிப்பி ஆற்றின் கரையில், அயோவா மாநிலத்து ஃபேர்போர்ட் என்னும் ஊரில், டேவிஸ் என்பவர் 1922-இல் கண்டு சொன்ன மற்றொரு வியாதி நம் ஊர் வாசகர்களில் பலருக்கு நேரடியாகப் பழக்கமானது. நோயுற்ற மீனின் தோலையோ செவுளையோ சிறிது சுரண்டி எடுத்து, ஒரு துளி நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய நீண்ட கிருமிகள் வழுக்கி வழுக்கி ஊர்ந்து வந்து ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தூண் தூணாக நிற்பது தெரியும். அந்தத் தூண்களை வைத்தே இதற்குக் காலம்னாரிஸ் என்று பெயர். மீனின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை, வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை, செவுளில் மஞ்சள் படிந்த அழுகல் ஆகியவை இதன் அடையாளங்கள். சென்னையில் கொளத்தூர்க் கடைகளில் வண்ணமீன் வாங்கி வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் இந்தப் ‘பஞ்சை’ப் பார்த்துப் பூஞ்சை என்று எண்ணுவதுண்டு. மீன் வாடினால் ஹீட்டரைத் திருகிச் சூட்டை ஏற்று என்று சொல்லும் யோசனை, உடலெங்கும் வெண்புள்ளி விழும் ஒட்டுண்ணி நோய்க்கு உதவக்கூடியதே. ஆனால் காலம்னாரிஸ் சூட்டில் செழிக்கும் கிருமி. 20 டிகிரியைத் தாண்டினால் அது உறுதிப்பட்டு, 25-க்கு மேல் ஓரிரு நாட்களில் தொட்டியையே காலி செய்துவிடும். நோய் இன்னதென்று தெரியாமல் சூட்டை ஏற்றுவது, நோயாளி யாரென்று பார்க்காமல் மருந்து ஊற்றுவதற்குச் சமானம்.

காலம்னாரிஸின் நெருங்கிய உறவான மற்றொரு கிருமியோ முற்றும் எதிரான சுபாவம் உடையது. 4 டிகிரியிலிருந்து 10 டிகிரி வரையுள்ள பனிநீரில், டிரவுட், சால்மன் குஞ்சுகளின் வாலடியைத் தின்று முதுகெலும்பு வெளியே தெரியும்படி செய்துவிடும். நீர் 15 டிகிரியைத் தாண்டினால் அதன் கை தளர்ந்துபோகும். ஒரே குடும்பத்தில் ஒருவனுக்குச் சித்திரையும் மற்றவனுக்கு மார்கழியும் ஆகிவந்திருக்கிறது.

டிரவுட் என்றதும் நீலகிரியில் அவலாஞ்சிக் குஞ்சுப்பொரிப்பகம் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்னும் ஆங்கிலேயர் அந்தக் குளிர்நாட்டு மீனை மலையோடைகளில் குடியேற்றப் பாடுபட்டதன் நினைவு அது. ஐரோப்பாவில் டிரவுட்டின் பரம்பரைச் சத்துரு, 1894-இல் எம்மெரிக், வைபெல் என்பவர்கள் விவரித்த கட்டி நோய். அதன் கிருமி, வெளிக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் மீனுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். கோடையில் ஓடை நீர் சூடேறி, மீன் சோர்ந்தவுடன் வெளிப்பட்டுக் கொல்லும். இப்படி ஒளித்து வைத்திருக்கும் மீன்களைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் கையாளும் தந்திரமும் இந்தச் சூட்டை வைத்துத்தான்: மீனின் எதிர்ப்பை அடக்கும் ஓர் ஊசியைப் போட்டு, 18 டிகிரி நீரில் இரண்டு வாரம் வைத்தால், ஒளிந்திருந்த கிருமி தானே முகம் காட்டிவிடும்.

மீனுக்குக் காய்ச்சலே வராது என்று இதுவரை எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 1976-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஒரு புறம் குளிர்ச்சியும் மறுபுறம் சூடுமாக அமைந்த தொட்டியில், ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றிய மீன்களை விட்டுப் பார்த்தார்கள். அவை வழக்கமாக விரும்பும் இடத்தைவிட இரண்டு மூன்று டிகிரி சூடான இடத்தை நாடிச் சென்றன. தன் உடலுக்குள் காய்ச்சலை உண்டாக்க இயலாத பிராணி, காய்ச்சல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது! அவ்வாறு சூட்டைத் தேடிக்கொள்ள விடப்பட்ட தங்கமீன்கள், விடப்படாதவற்றைவிட அதிகமாகப் பிழைத்தன என்பதும் அடுத்த ஆண்டே காட்டப்பட்டது. ஆற்றில் வாழும் மீனுக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. எங்கும் ஒரே ஆழமாக வெட்டப்பட்ட குட்டையில் அடைபட்ட மீனுக்கு நோயும் நாம் கொடுத்தது, சூடும் நாம் கொடுத்தது. குளம் வெட்டும்போது ஒரு பகுதியையாவது ஆழமாக விடுவது வீண் செலவாகாது என்பது என் எண்ணம்.

வைத்தியமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. மீன் வைத்தியத்தில் காலத்தை நாளால் மட்டும் எண்ணாமல், நாளையும் டிகிரியையும் பெருக்கி எண்ணுகிறார்கள். ஐரோப்பாவில், அந்த மீனுக்கென்று தனி அனுமதி பெறாத ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் 500 ‘டிகிரி நாட்கள்’ கழியுமுன் மீனை விற்கக் கூடாது என்ற விதி 2022 வரையில் வெகுகாலம் இருந்தது; நீர் 10 டிகிரியானால் 50 நாட்கள், 25 டிகிரியானால் 20 நாட்கள். குளிர்ந்த மீனின் உடலிலிருந்து மருந்து அவ்வளவு மெதுவாகவே வெளியேறுகிறது. தடுப்பூசி பலிப்பதற்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ஆகையால் சால்மன் குஞ்சுகளுக்குக் கடல் குளிர்வதற்கு முன்னதாகவே, கரையிலுள்ள நன்னீர்த் தொட்டிகளில், ஒவ்வொன்றாக வயிற்றில் ஊசி போட்டுவிடுகிறார்கள். நார்வே இவ்விதம் ஹித்ரா நோயை அடக்கியது. 1987-இல் அந்நாட்டு மீன் பண்ணைகளில் கொட்டப்பட்ட ஆன்டிபயாடிக் சுமார் 48 டன். தடுப்பூசி பரவிய பின், சால்மன் விளைச்சல் பன்மடங்கு பெருகியும், மருந்து ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது.

நம் நாட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் குளங்களுக்கு நார்வேயின் பனியும் கிடையாது, ஹித்ராவின் கிருமியும் கிடையாது. ஆயினும் ஏரோமோனாஸ் நம் குளத்துச் சேற்றில் என்றும் குடியிருப்பதே. மழை பெய்து ஒரே இரவில் நீர் குளிரும்போதும், பங்குனி வெயிலில் ஆழமற்ற குட்டை காய்ந்து சூடேறும்போதும், வயிறு ஊதி, செதில் நிமிர்ந்து, கெண்டைகள் கரையொதுங்குகின்றன. 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் புகுந்து நாடெங்கும் பரவிய புண் நோயிலும், நீர் குளிரும் பருவமே பெரும் துணை செய்தது. அந்நோயின் மூலம் பூஞ்சையை ஒத்த ஓர் உயிர் என்றாலும், அது திறந்த புண்ணில் பாக்டீரியா வந்து குடியேறி வேலையை முடித்தது. தீனி மறுத்து நிற்கும் மீனுக்குத் தீனியில் கலந்த மருந்து போய்ச் சேராது என்பதை அறியாமல், மூட்டை மூட்டையாக மருந்துத் தீவனம் வாங்கிக் குளத்தில் கொட்டுவோர் இன்றும் உண்டு.

ஆகவே மீன் வளர்க்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரணமான வெப்பமானி ஒன்றை வாங்கி, கயிற்றில் கட்டி, மேல்நீரில் அல்லாமல் முழங்கை ஆழத்துக்குக் கீழே இறக்கி, விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணிக்கும் பார்த்து, இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டு நாட்களுக்குள் சூடு நாலைந்து டிகிரி ஏறினாலோ இறங்கினாலோ, அந்த வாரம் வலை வீச வேண்டாம், மீனை இடம் மாற்ற வேண்டாம், தீனியைக் குறையுங்கள். அதையும் மீறி மீன் செத்து மிதந்தால், சாகும் தறுவாயிலுள்ள மீன் ஒன்றையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் மீன்வளத் துறை அலுவலரிடம் செல்லுங்கள். மருந்துக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.